மூழ்கும் மலைமீது வளரும் தீவுகள்

எல்லோராவின் கயிலாசநாதர் கோயில் ஒரே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுக்கப்பட்டது. அஜந்தா குகைகளும் மும்பையை அடுத்த எலிஃபெண்டா தீவின் மும்முகச் சிவன் சிலையும் அதே கருநிறப் பாறையில் உருவானவை. பசால்ட் எனப்படும் அந்தப் பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து வழிந்தோடி உறைந்த எரிமலைக் குழம்பு. அதை மேலே அனுப்பிய ஊற்று இன்னும் வற்றவில்லை. எல்லோராவுக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் தெற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட ரீயூனியன் தீவில் அது இன்றும் கொதிக்கிறது. அங்குள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை, 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கும் மேல் குழம்பைக் கக்கியிருக்கிறது.

இவ்விரு இடங்களுக்கும் நடுவே கடலில் ஒரு வரிசை இருக்கிறது. வடக்கே லட்சத்தீவு, அடுத்து மாலத்தீவு, சாகோஸ், பிறகு சாயா டி மல்யா போன்ற நீரடி மேடைகள், மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். நிலப்படத்தில் இவை தொடர்பற்ற புள்ளிகள். பெரும்பாலான புவியியலாளர்களின் கணிப்பில், இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது வடக்கே, கடைக்குட்டி தெற்கே.

இந்தக் குடும்ப வரலாற்றில் நமக்கு நேரடி அக்கறை உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழும் லட்சத்தீவும், சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் மாலத்தீவும் கடல் மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. இத்தீவுகள் மூழ்கிவிடுமா என்று கேட்கிறோம். இவற்றைத் தாங்கும் மலைகள் ஐந்தரைக் கோடி ஆண்டுகளாக மூழ்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தனை காலம் தீவுகளை நீர்மட்டத்தில் பிடித்து வைத்திருந்தது எது, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஊசியும் துணியும்

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளவுபட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது பள்ளிப் பாடம். எரிமலைகளில் மிகப் பல, இந்தத் தட்டுகளின் விளிம்புகளில் எழுகின்றன. சில மட்டும் விளிம்போடு தொடர்பில்லாமல் தட்டின் நடுவிலேயே எழும். மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தின் ஆழத்திலிருந்து, சுற்றுப்புறத்தைவிடச் சூடான பாறை இடைவிடாமல் மேலெழும் இடங்கள் அவை. ‘வெப்பப் புள்ளிகள்’ என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். தையல் இயந்திரத்தில் ஊசி நின்ற இடத்திலேயே குத்துகிறது, நகர்வது துணிதான். ஆனால் துணியில் நீண்ட தையல் வரிசை விழுந்துவிடுகிறது. வெப்பப் புள்ளி ஊசி என்றால், தட்டு துணி.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. ஆசியாவை நோக்கி வடக்கே நகர்ந்துவந்த அதன் மேற்குப் பகுதி, ரீயூனியன் வெப்பப் புள்ளியின்மேல் வந்தபோது தக்காணத்தின் பசால்ட் வெள்ளம் பெருக்கெடுத்தது. அரித்ததுபோக எஞ்சியிருக்கும் பாறை மட்டுமே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. நிலப்பகுதி நகர்ந்துபோன பிறகு, அதன் பின்னால் வந்த கடற்தரையை ஊசி குத்தத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக எரிமலைகள் எழுந்தன.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 1987இல் ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்ற துளையிடும் ஆய்வுக் கப்பல், மொரீஷியஸிலிருந்து கொழும்பு நோக்கி வரும் வழியில் இந்த வரிசை நெடுகக் கடற்தரையைத் துளைத்து, அடியிலிருந்த எரிமலைப் பாறைகளை எடுத்துவந்தது. அவற்றின் வயதைக் கணித்தபோது மாலத்தீவுக்கு அருகே 5.7 கோடி ஆண்டுகள், சாகோஸ் பகுதியில் 4.9 கோடி, மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள மஸ்கரீன் மேடையில் 3.3 கோடி என்று கிடைத்தது. மொரீஷியஸின் பழைய பாறைகளுக்கு வயது 80 முதல் 90 லட்சம் ஆண்டுகள். ரீயூனியன் நீருக்கு மேல் தலைகாட்டி சுமார் 20 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. தெற்கே போகப்போக வயது ஒழுங்காகக் குறைகிறது.

இடையில் துணி கிழிந்தும் போனது. இந்தியப் பெருங்கடலின் நடுவே, புதிய கடற்தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்லும் நீரடி மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. அந்தத் தொடரே ஒரு கட்டத்தில் வெப்பப் புள்ளியைத் தாண்டிச் சென்றது. அதனால் சாகோஸ் வரையிலான பகுதி ஒரு கரையிலும், மஸ்கரீன் மேடை மறுகரையிலும் பிரிந்தன. ஒன்றாகத் தைக்கப்பட்ட இரு துண்டுகளுக்கும் நடுவே இன்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது.

இளமையும் நடுவயதும்

ஓர் எரிமலைத் தீவு எப்படிப் பிறந்து முதுமை அடைகிறது என்பதைப் பார்க்க ஒருவர் கோடி ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வரிசையில் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்தாலே போதும்.

ரீயூனியன் இளமைப் பருவம். ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழத்தில் உள்ள கடற்தரையிலிருந்து எழுந்து, நீருக்கு மேல் இன்னும் 3,000 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அடிவாரத்தின் குறுக்களவு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். கண்ணுக்குத் தெரியும் தீவு, அந்த மலையின் மொத்தக் கன அளவில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. பிறந்த கணத்திலிருந்தே அதைக் கரைக்கும் வேலையும் தொடங்கிவிடுகிறது. 1966 ஜனவரியில் அங்கே 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இன்றுவரை உலகச் சாதனை. தமிழ்நாட்டில் ஈராண்டுகளில் பெய்யும் மழை அது. இப்படிப்பட்ட மழைதான் தீவின் நடுவே மாஃபத், சிலாவோஸ், சலாசி என்ற மூன்று மாபெரும் பள்ளங்களைக் குடைந்திருக்கிறது. மழை மட்டும் அல்ல. தளர்வான குழம்பு அடுக்குகளால் ஆன மலைச்சரிவு, தன் பாரம் தாளாமல் பெருந்துண்டுகளாகக் கடலுக்குள் சரிந்திருக்கிறது. தீவைச் சுற்றியுள்ள கடற்தரையை ஒலியலைகளால் அளந்தபோது, அப்படிச் சரிந்த பாறைக் குவியல்கள் வெகு தொலைவுக்குப் பரவிக் கிடப்பது தெரிந்தது. தீவின் வரலாற்றில் பாதியை அதைச் சுற்றிய கடற்தரையில்தான் படிக்க வேண்டும். பவளத்திட்டுகள் இங்கே மேற்குக் கரையில் மட்டும் ஒட்டுப் போட்டதுபோல் மெல்லியதாக இருக்கின்றன.

மொரீஷியஸ் நடுவயது. நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த நாடு. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அங்கே உயரமான சிகரமே 828 மீட்டர்தான். மற்றவை அரிக்கப்பட்டுப் போன பழைய எரிமலையின் விளிம்புத் துண்டுகள். பல்போன வாயில் எஞ்சிய பற்கள்போல நிற்கின்றன. பவளத்திட்டு தீவைப் பெரும்பாலும் சுற்றி வளைத்து, கரைக்கும் தனக்கும் நடுவே அமைதியான காயலை உருவாக்கிவிட்டது. (மொரீஷியஸின் மணலிலும் பாறையிலும், தீவைவிடப் பன்மடங்கு பழைய சிர்க்கான் மணிகள் கிடைத்திருக்கின்றன, சில 300 கோடி ஆண்டுகள் வரை பழமையானவை. தீவுக்கு அடியில் ஒரு பழங்கண்டத்தின் துண்டு புதைந்திருக்கிறது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். குமரிக்கண்டக் கனவுக்கு இதில் இடம் தேட வேண்டாம். இது மனிதருக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்தைய கதை.)

அடுத்த பருவத்துக்கு வருமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மலை தேய்வது மட்டும் அல்ல, அது நிற்கும் தரையே இறங்குகிறது. சூடான பொருள் விரியும், ஆறினால் சுருங்கும். கடற்தரை பிறக்கும் நடுக்கடல் மலைத்தொடரில் நீரின் ஆழம் சராசரியாக 2,500 மீட்டர். பிறந்த தரை விலகிச் செல்லச்செல்ல ஆறுகிறது, தடிக்கிறது, கனக்கிறது, அமிழ்கிறது. ஏழு கோடி ஆண்டுகளில் ஆழம் 5,000 மீட்டரைத் தாண்டிவிடும். வெப்பப் புள்ளிக்கு நேர்மேலே இருக்கும்போது அடியிலிருந்து வரும் வெப்பம் தரையைச் சற்று உப்ப வைக்கிறது. அங்கிருந்து விலகியதும் அந்த உப்பலும் வடிகிறது. போதாக்குறைக்கு மலையின் சொந்தப் பாரமும் அழுத்துகிறது. ஆகவே ஊற்றை விட்டு நகர்ந்த எந்த எரிமலைத் தீவுக்கும் மூழ்குவது விதி.

டார்வின் கண்ட பந்தயம்

விதி இப்படியிருக்க, மாலத்தீவு எப்படி நீருக்கு மேல் இருக்கிறது? இந்தப் புதிருக்கு விடை சொன்னவர், பரிணாமக் கொள்கைக்காக நாம் அறிந்த சார்லஸ் டார்வின். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், பவளத்திட்டு எதையும் நேரில் காணும் முன்பே இந்தக் கருத்து அவருக்குத் தோன்றிவிட்டது. 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளைப் பார்த்தார். 1842இல் நூலாக எழுதினார். பவளம் ஒளி புகும் ஆழங்குறைந்த நீரில்தான் செழித்து வளரும். எரிமலைத் தீவின் கரையை ஒட்டி அது வளரத் தொடங்குகிறது. தீவு அமிழ அமிழ, பவளம் தன் முன்னோரின் சுண்ணாம்புக் கூடுகள்மீது புதிய கூடுகளைக் கட்டி மேலே எழுகிறது. ஒருநாள் மலை முழுவதும் மறைந்துவிடும். அதன் கரை இருந்த இடத்தில், நடுவே காயலைச் சூழ்ந்த பவள வளையம் மட்டும் மிஞ்சும். ‘அடால்’ என்று உலகம் இதற்கு வழங்கும் சொல், மாலத்தீவின் திவேஹி மொழியில் உள்ள ‘அதொளு’ என்பதிலிருந்து போனது.

டார்வினின் கருத்துக்கு எதிர்ப்பு இருந்தது. துளையிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று அவரே முதுமையில் ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டார். கோடீஸ்வரர் யாராவது அதற்குப் பணம் தந்தால் நல்லது என்றார். அவர் மறைவுக்குப் பிறகு, 1890களின் கடைசியில் பசிபிக்கின் ஃபுனாஃபுட்டியில் 340 மீட்டர் வரை துளையிட்டும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. 1952இல் எனிவெடாக் தீவில், 1,200 மீட்டருக்கும் கீழே பசால்ட் கிடைத்தது. பணம் தந்தது டார்வின் எதிர்பார்த்த கோடீஸ்வரர் அல்ல, அமெரிக்க அரசு; அணுகுண்டுச் சோதனைகளுக்காக அந்தத் தீவை ஆராய்ந்துகொண்டிருந்த நேரம் அது.

நம் கடலிலும் சான்று கிடைத்தது. மாலத்தீவில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறையைத் தாண்டிய பிறகே எரிமலைப் பாறையைத் தொட்டார்கள். 1987 கப்பல் மாலத்தீவின் கிழக்கு ஓரத்தில் எடுத்த குழம்புப் பாறைகளோ, நீருக்கு வெளியே காற்றில் ஆறி உறைந்தவை. நீருக்குள் உறையும் குழம்பு தலையணைபோல் உருண்டு திரளும்; இவை அப்படி இல்லை. ஒரு காலத்தில் வெயிலில் காய்ந்த அந்த நிலம் இப்போது 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது.

இந்த மலையின் செங்குத்தான சரிவை நாம் நடைமுறையில் பயன்படுத்திக்கொண்டும் இருக்கிறோம். சென்னையைச் சேர்ந்த தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைத்த நன்னீர் ஆலை, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் திறன் உடையது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்தின் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்குகிறார்கள். குளிர்ந்த நீருக்கு 350 மீட்டர் ஆழம் வரை குழாய் இறக்க வேண்டும். கவரத்தியில் கரையிலிருந்து சில நூறு மீட்டர் போனாலே அந்த ஆழம் வந்துவிடுகிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து அந்த ஆழத்தைத் தேடினால் பல கிலோமீட்டர் கடலுக்குள் போக வேண்டியிருக்கும்.

நூறாண்டும் ஓராண்டும்

இனி ஓர் எளிய கணக்கு. மாலத்தீவின் அடித்தளம் 5.7 கோடி ஆண்டுகளில் சுமார் 2 கிலோமீட்டர் இறங்கியிருக்கிறது. சராசரியாக நூறாண்டுக்கு மூன்றரை மில்லிமீட்டர். தொடக்கத்தில் வேகம் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் இருந்திருக்கும் என்றாலும், பவளத்துக்கு இது போட்டியே அல்ல. நலமான பவளத்திட்டு ஓராண்டிலேயே சில மில்லிமீட்டர் உயரக்கூடியது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு தந்துள்ள கணக்கின்படி, 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. மலை நூறாண்டில் இறங்கிய அளவைக் கடல் இப்போது ஒரே ஆண்டில் ஏறிவிடுகிறது.

இதைக் கண்டு உடனே கைவிரிக்க வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைய மட்டத்தைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. லட்சத்தீவும் மாலத்தீவும் அப்போது கடலுக்கு மேல் சுண்ணாம்புக் குன்றுகளாக உயர்ந்து நின்றிருக்கும். பிறகு பனி உருகி, கடல் இன்றைவிட வேகமாக ஏறிய காலங்களும் உண்டு. பல திட்டுகள் அதையும் ஈடுகொடுத்து வளர்ந்தன. பசிபிக்கின் துவாலுவில் 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்ட ஆய்வு, கடல் ஏறியபோதும் நிலப்பரப்பு மொத்தத்தில் 2.9 விழுக்காடு கூடியிருந்ததைக் காட்டியது. பவளத்தீவு என்பது கல்லில் செதுக்கிய நிலம் அல்ல. அலை கொண்டுவந்து குவித்த மணல். ஒருபக்கம் கரைந்து மறுபக்கம் சேரும். மாலத்தீவில் பருவக்காற்று மாறும்போது கடற்கரையே தீவைச் சுற்றி இடம் மாறுகிறது.

ஆனால் மணல் எங்கிருந்து வருகிறது? மாலத்தீவின் வக்கரு தீவில் 2015இல் வெளியான ஆய்வு, புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்களின் உபயம் என்று கண்டது. கிளியின் அலகுபோன்ற வாயால் திட்டைக் கடித்துப் பாசியைத் தின்று, சுண்ணாம்பைப் பொடியாக்கி வெளியேற்றும் மீன் அது. பவளம் வாழ்ந்தால் திட்டு உயரும், மீன் வாழும், மணல் சேரும், தீவு நகர்ந்தாவது நிலைக்கும். பனியுக முடிவில் பந்தயத்தில் ஓடிய பவளம் ஆரோக்கியமாக இருந்தது. அப்போதும் எல்லாம் வென்றுவிடவில்லை. சாகோஸின் பெருந்திட்டு 12,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது, உலகின் மிகப் பெரிய பவள வளையம். ஆனால் அதன் விளிம்பில் சில சிறு தீவுகள் தவிர மற்ற அனைத்தும் நீருக்கு அடியில். சாயா டி மல்யாவில் தீவே இல்லை. ஆழங்குறைந்த மேடையில் கடற்புல் வளர்கிறது.

இன்று ஓடும் பவளம் நோயுற்றது. நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடி, சில வாரங்கள் நீடித்தாலே, தனக்கு உணவு தரும் நுண்பாசிகளைப் பவளம் உதறிவிட்டு வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016, 2024 என நான்கு முறை லட்சத்தீவு இப்படி வெளுத்தது. முதல் பேரிடருக்கும் இரண்டாவதற்கும் நடுவே 12 ஆண்டுகள் இருந்தன. அடுத்த இடைவெளிகள் 6, 8. அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வாளர்கள், 1998க்கும் 2022க்கும் இடையில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிட்டதாகக் கணித்திருக்கிறார்கள். பங்காரம் வளையத்தில் மனிதர் வாழாத பராளி-1 என்ற சிறு தீவு முற்றிலும் அரித்துப் போய்விட்டதை 2017இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது.

கடலின் வெப்பத்தைக் கவரத்தி மக்களால் குறைக்க முடியாது. அது உலகம் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது. ஆனால் நம் கையில் இருப்பதும் உண்டு. மாலத்தீவு, கரையைச் சுற்றிச் சுவர் எழுப்புவதையும், காயலின் மணலைத் தோண்டி ஹுல்ஹுமாலே போன்ற புதிய நிலங்களை உருவாக்குவதையும் வழியாகத் தேர்ந்தெடுத்தது. நெரிசலில் தவிக்கும் தலைநகருக்கு அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். ஆனால் சுவர் மணலின் இடப்பெயர்ச்சியை நிறுத்துகிறது. தோண்டும்போது கிளம்பும் சேறு பவளத்தை மூடுகிறது. கட்டுமானத்தைக் காக்க, இயற்கை தந்த கட்டுமானக்காரரைக் கொல்லும் வேலை இது.

லட்சத்தீவு இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. 32 சதுர கிலோமீட்டர் நிலத்தில் தவறுக்கு இடமும் இல்லை. மினிக்காய், கடமத், சுஹேலி ஆகிய இடங்களில் காயலின் மீதே சுற்றுலா விடுதிகள் அமைக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. அத்தகைய திட்டம் எதற்கும் ஒப்புதல் தருமுன், காலில் எத்தனை தூண் நிற்கும், எத்தனை அறை கிடைக்கும் என்பவற்றோடு இன்னோர் எண்ணையும் அரசு கேட்டுப் பெற வேண்டும். அந்தக் காயலைக் காக்கும் திட்டு இப்போது ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது, அல்லது தேய்கிறது? அந்த எண் 3.7க்குக் கீழே இருந்தால், அங்கே ஒரு தூணையும் ஊன்ற அனுமதிக்கக் கூடாது.